தேன்பெட்டிக்கு மாரிச் சட்டை

குருக்கள்மடத்தில் இருபது வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். பள்ளிக்கூடச் சட்டை, பெண் பெரியவளாகும் சாமத்தியவீட்டுக்குப் பாவாடை, எங்கள் மெதடிஸ்த கோயில் பாடகர் குழுவுக்கு வெள்ளை அங்கி, எல்லாம் தைத்தாயிற்று. சவப்பெட்டி வாசலில் வந்து நிற்கும்போது அவசர அவசரமாக ஒரு நஷனல் சட்டைகூடத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தேன்பெட்டிக்குச் சட்டை தைத்தவள் இந்தக் கரையோரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தைக்க வைத்தவர் அடுத்த வளவு அண்ணன். கூடப் பிறந்தவர் அல்ல, ஆனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணன் இருக்கிறார் என்ற தைரியத்தில் பல காலம் வாழ்ந்தேன். அவர் கண்மூடி இந்த மாரியோடு மூன்று வருடம் ஆகிறது.

முதல்முதல் அளவு கொண்டுவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மூன்று ஈர்க்கில் துண்டுகளை என் மேசையில் வரிசையாக வைத்தார்.

"இது நீளம், இது அகலம், இது உயரம்."

"ஆருக்கு அண்ணன்?"

"பெட்டிக்கு."

"பெட்டிக்கு என்னத்துக்குச் சட்டை? கலியாணமா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. யாராவது சீரியஸாக முகத்தை வைத்துக்கொண்டு வந்தால் எனக்குப் பகிடிதான் முதலில் வரும்.

அவர் சிரிக்கவில்லை. "மாரி வருதுதானே புள்ள. வாடைக் காத்து அடிக்கக்குள்ள பெட்டி குளிர்ந்து போகும். அதுகள் ஒண்டோடொண்டு ஒட்டிக்கொண்டு கிடந்துதான் சூடு பிடிக்கிறது. நாம கொஞ்சம் போத்திவிட்டா அதுகளுக்கு லேசு."

அரிசி வந்த சணல் சாக்குகளைக் கழுவிக் காயவைத்துக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். பொலித்தீனால் மூடினால் என்ன, தைக்கிற வேலை மிச்சம்தானே என்றேன். அதற்கு ஒரு பெரிய விளக்கம். பொலித்தீன் வேர்க்கும், வேர்த்த தண்ணீர் உள்ளே சொட்டும், பூஞ்சணம் பிடிக்கும், சாக்கென்றால் மூச்சு விடும். சரி என்று ஐந்து பெட்டிக்கும் ஐந்து சட்டை தைத்தேன். தேனீ வந்துபோகும் வாசலுக்கு நேரே கழுத்து வெட்டுவதுபோல வெட்டி விளிம்பு மடித்தேன். சும்மா பகிடிக்கு ஒன்றுக்குப் பொக்கற்றும் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள வேப்பிலை வைக்கலாம்" என்று சந்தோஷமாகக் கொண்டுபோனார். இப்படிப்பட்ட மனிதரை எப்படிப் பகிடி பண்ணுவது?

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் யாரும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு வயல் வட்டையில் முப்பது வருடம் வேளாண்மை செய்தவர். நெல்லுச் சூடடிக்கிற களவெட்டியில் இல்லை, முடிந்தது, குறைந்தது என்று யாரும் வாய் தவறியும் சொல்லமாட்டார்கள். சொன்னால் விளைச்சலின் பொலி போய்விடுமாம். இடுப்பு நோ வந்து வயலைக் குத்தகைக்கு விட்ட பிறகு, களவெட்டிச் சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வளவுக்குள் போட்டுக்கொண்டார். தேனும் நெல்லைப்போலத்தான், கேட்டுக்கொண்டிருக்கும் என்பார்.

காத்தான்குடியிலிருந்து மோட்டார்சைக்கிளில் தேன் வாங்க வரும் ஒரு முஸ்லிம் நானா இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு வேண்டுமென்றே கேட்பார்.

"அண்ணன், தேன் இரிக்கா?"

"இரிக்கு."

"எங்க இரிக்கு?"

"பெட்டிக்குள்ள."

"தருவீங்களா?"

"வெயில் பிறக்கட்டும் தம்பி, பாப்பம்."

"இல்லண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் இப்ப ஆரையம்பதி தாண்டியிருப்பன்!" என்று அவர் தலையில் கைவைப்பார். அண்ணனும் சிரிப்பார், நானும் தைத்தபடி ஜன்னலுக்குள்ளிருந்து சிரிப்பேன். கடைசியில் நானாவுக்கு ஒரு தேத்தண்ணீர் கிடைக்கும்.

சிரிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பகலில் பாதி நேரம் பெட்டிகளோடு நிற்கிற மனிதர் அல்லவா? அந்தச் சட்டம் மெல்ல மெல்லப் பெட்டியை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. கேள்வி கேட்கும்போதே பதிலையும் சேர்த்துக் கேட்பார். "சாப்பிட்டாச்சுதானே?" "வெள்ளம் வராதுதானே?" "சோதினை நல்லா எழுதினதானே?" கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் 'ஓம்' தவிர வேறு ஒன்றும் வாயில் வராது. அவருடைய ஒரே மகள் உயர்தரப் பரீட்சையில் தவறியதை இரண்டு மாதம் கழித்துத்தான் அவர் அறிந்தார். அதுவும் இரண்டாம் தரம் எழுத விண்ணப்பம் நிரப்பும்போது கையெழுத்துக் கேட்டதால்.

"இந்த மனிசனுக்கு முன்னால ஒரு உண்மை கதைக்க ஏலாதுகா," என்று மச்சாள், அதாவது அவர் மனைவி, என்னிடம் வந்து சொல்லிச் சிரிப்பா. நானும் ஒத்து ஊதுவேன். ஒரு 'ஓம்' கொடுத்தால் எனக்கென்ன குறைந்துபோகிறது என்று நினைத்தவள்தானே நான்.

மாரியில் அவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். பெட்டி வைத்த கால்கள் ஒவ்வொன்றுக்கும் பால்மா டின், அதற்குள் கழிவு ஒயில், எறும்பு ஏறாமல். மேலே தென்னங்கிடுகு, அதன்மேல் கல். வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் எல்லா வாசலும் தென்மேற்கைப் பார்த்திருக்கும். மழையில் பூவெல்லாம் கழுவுண்டு போய்விடும் என்று சிரட்டையில் சீனிப்பாணி வைத்து, குடிக்க வருவது விழுந்து தாழாமல் இருக்க அதற்குள் குச்சி போட்டுவைப்பார். ஒருநாள் பின்னேரம் கிடுகு பறந்துவிட்டது. ஆள் குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு தான் தெப்பமாக நனைந்துகொண்டு நிற்கிறார். மச்சாள் குசினி வாசலில் நின்று கத்துகிறா.

"இஞ்சேருங்க, எனக்கு ஒரு நாளாவது இப்பிடிக் குடை பிடிச்சிரிக்கீங்களா?"

"உனக்குக் கால் இரிக்கு, ஓடி வந்திருவாய். இதுகள் எங்க ஓடுற?"

மச்சாள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினா. கோபமே வராத பெண் அவ.

அந்த மச்சாளுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. மகள் கலியாணம் முடித்துக் குழந்தையோடு கல்லடியில் குடியிருந்ததால், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று அங்கேயே வைத்துக்கொண்டாள். டொக்டர்மார் சொன்னதை அப்பாவிடம் சொல்வதில்லை என்று மகள் முடிவெடுத்தாள். என்னிடமும் சொல்லிவைத்தாள். நான் மறுக்கவில்லை. அவர் காலையில் பஸ் ஏறிப் போய் மச்சாளோடு இருந்துவிட்டு, மத்தியானம் பெட்டி பார்க்கத் திரும்பிவிடுவார். "கட்டி கரையுதாம்தானே புள்ள?" என்பார். "ஓம் அண்ணன், மருந்து நல்லா வேலை செய்யுதாம்" என்பேன். யார் யாரிடமிருந்து கற்றுக்கொண்ட பொய்யோ, நாக்கில் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும்.

மச்சாளை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்த பிறகு, கார்த்திகையில் ஒருநாள் பின்னேரம், கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணனுடைய போன் வழக்கம்போல வீட்டு ஜன்னலில் கிடந்து அடித்து ஓய்ந்திருக்க வேண்டும். மகள் எனக்கு எடுத்தாள்.

"அன்ரி, அப்பாவ இப்பவே ஏத்தி அனுப்புங்க. அம்மாவுக்கு இனி ஏலாதாம். கடைசியெண்டு சொல்லிட்டாங்க." போனை வைத்துவிட்டாள்.

தைத்துக்கொண்டிருந்த துணியோடேயே வேலிக்கு ஓடினேன். அவர் கக்கத்தில் சாக்குச் சட்டைகளை இடுக்கிக்கொண்டு நின்றார். இரண்டு பெட்டிக்குப் போட்டாயிற்று, மூன்று மிச்சம். என் முகத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்தா? நல்லாத்தானே இரிக்கா?"

சொல்லியிருக்கலாம். இரண்டு சொல்லுத்தான். கர்த்தர் அறிய, சொல்லத்தான் ஓடிப்போனேன். ஆனால் அந்த முகம் அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் பெட்டி வேறு.

"ஓம் அண்ணன், நல்லாத்தான் இரிக்கா. உங்களப் பாக்கணுமாம்."

"அப்ப இந்த மூண்டுக்கும் போட்டுட்டு வாறன் புள்ள. மழை இறங்கப் போகுது."

"கெதியா வெளிக்கிடுங்க அண்ணன்," என்று மட்டும் சொன்னேன். அவர் மூன்று பெட்டிக்கும் சட்டை மாட்டி, கயிறு இழுத்து, முடிச்சுக்குமேல் முடிச்சுப் போட்டு, கிடுகு வைத்து, கல் வைத்து, பிறகு கிணற்றடியில் குளித்து, சாரத்தை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாட்டுக்குள் நுழைந்தபோது மச்சாளின் முகத்தை மூடியிருந்தார்கள்.

செத்தவீடு முடிந்து முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. வருடா வருடம் முதல் தேன் அம்மன் கோயிலுக்குப் போகும், ஆகவே துடக்கோடு பெட்டி தொடமாட்டேன் என்று நின்றுவிட்டார். பெட்டி தொட்டால் ஒன்றும் ஆகாது என்று மகள் கெஞ்சியும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். கல்லடிக்கு வந்துவிடுங்கள் என்றாள், அதற்கும் மசியவில்லை. பிறகு என்னிடம் வந்தார். "நீங்க வேதக்காரர். உங்களுக்குத் துடக்குக் கணக்கு வேறதானே புள்ள?" என்றார்.

எனக்குத் தேனீ என்றால் உயிர் போகிற பயம். என்றாலும் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரரின் மழைக்கோட்டைப் போட்டு, மோட்டார்சைக்கிள் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு போனேன். அவர் வேலிக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"காத வை புள்ள. என்ன கேக்குது?"

"ஹெல்மட்டுக்குள்ளால ஒண்டும் கேக்காது அண்ணன்."

"அதக் கழட்டு."

கழற்றிவிட்டுப் பயந்து பயந்து காதை வைப்பேன்.

"இரையுது."

"ஒரே சீரா, விட்டு விட்டா?"

"ஒரே சீரா."

"அப்ப கூடித்தான் கிடக்குதுகள். நல்லம்." மகளின் குழந்தையைப் பற்றிக் கேட்டதுபோல முகம் மலரும். மச்சாள் போன பிறகு அந்த ஒரு நிமிடம்தான் அவர் முகத்தில் உயிர் இருக்கும். அந்த ஐந்து பெட்டிதான் அந்த மனிதரை எழுப்பி நடமாட வைக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "ஒண்டு மட்டும் மறந்திராத. எவ்வளவு மழை அடிச்சாலும் வாசல அடைச்சிராத. அதுகளுக்கு மூச்சு வேணும்." இதைத் தினமும் சொல்வார்.

துடக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது புயல் எச்சரிக்கை வந்தது. அன்று அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தார். பொழுது சாயும் நேரம் காற்று திரும்பிவிட்டது. எந்த மாரியிலும் வடகிழக்கிலிருந்து வருகிற காற்று அன்று தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. வாசல்கள் எல்லாம் அந்தப் பக்கம்தானே பார்த்துக்கொண்டிருக்கின்றன? மழை சரிந்து நேரே உள்ளே போகிறது. ஒரு பெட்டி வாசலிலிருந்து நாலைந்து தேனீ தண்ணீரோடு வழிந்து விழுந்ததைக் கண்டேன். காய்ச்சல்காரரை எழுப்பிக் கேட்க மனமில்லை. தையல் அறையில் கிடந்த சாக்குத் துண்டுகளைச் சுருட்டி ஐந்து வாசலையும் இறுக்கி அடைத்தேன். விடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் அடைத்தேன்.

விடிந்தபோது வாவி றோட்டில் நின்றது. கிராம சேவகர் உழவு இயந்திரத்தோடு வந்து, சாமான் பார்க்காமல் ஏறுங்கள் என்று கத்துகிறார். அண்ணனை என் வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்து ஏற்றினார். நான் மெஷின் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உழவு இயந்திரம் திரும்பிப் பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறும்போதுதான் அந்த ஐந்து வாசலும் நினைவுக்கு வந்தன.

வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்க வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"புள்ள, வாசல் எல்லாம் திறந்துதானே இரிக்கு?"

"ஓம் அண்ணன்."

சொன்னால் அந்தக் காய்ச்சலோடு வெள்ளத்துக்குள் இறங்கிவிடுவார் என்று பயந்தேன். அது உண்மை. அந்த முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதுவும் உண்மை. இரண்டில் எது பெரிய உண்மை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அன்று மூன்று தரம் கேட்டார், மறுநாளும் கேட்டார். ஒவ்வொரு தரமும் ஓம் என்றேன். சமையல் கொட்டிலில் சோறு கிண்டிக்கொண்டே அழுதேன். புகை என்று நினைத்தார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது. "நேத்துச் சொல்லியிருந்தா தோணிக்காரர் ஒராளப் பிடிச்சு அனுப்பியிருக்கலாமேடி! காலையிலயிருந்து எத்தின தோணி வந்து போச்சு!" என்றார். சொன்ன கையோடு தானே இறங்கினார். நெஞ்சளவு தண்ணீரில் இழுப்புத் தாங்காமல் பாதியில் திரும்பி வந்தார். அதற்குள் தோணிகளும் போய்விட்டிருந்தன.

வாவியின் முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்டு, மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. அண்ணனுக்கு முன்னால் ஓடிப்போய் அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். எங்கே விட்டார்? காய்ச்சல் விட்ட கால் நடுங்க நடுங்க, என் கூடவே வந்து வேலிக்கு வெளியே நின்றார். பெட்டி வைத்த கால்களில் சேற்றுக் கோடு தெரிந்தது. பெட்டிக்கு ஒரு சாண் கீழேதான் தண்ணீர் நின்றிருக்கிறது. வெள்ளம் ஒரு பெட்டியையும் தொடவில்லை. நனைந்த சாக்குச் சட்டைகள் பலகையோடு ஒட்டிப்போயிருந்தன. வாசலில் என் சாக்குத் துண்டு.

அவர் அதைக் கண்டார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே, "எடு," என்றார்.

இழுத்தேன். மூடியைத் திறந்தேன். வெளியே வருவதற்கு முண்டியடித்து, வாசலுக்குப் பின்னால் கைப்பிடி கைப்பிடியாகக் குவிந்து கிடந்தன. புளித்த வாடை அடித்தது.

"இரிக்குதா?" என்று கேட்டார். தான் பயந்திருந்த ஒன்றை 'தானே' போடாமல் அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தரம்.

"இல்ல அண்ணன்."

"அடுத்ததப் பார்."

"இல்ல அண்ணன்."

ஐந்தையும் திறக்க வைத்தார். ஐந்து தரமும் கேட்டார். ஐந்து தரமும் அவர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். என்னை ஏசுவார், ஏசட்டும், நல்லா ஏசட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் வேலிக் கட்டையில் சாய்ந்தார். பிறகு கேட்டார்.

"புள்ள, அண்டைக்கு மகள் போனில என்ன சொன்னவ?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. "கடைசியெண்டு சொன்னவ அண்ணன். உங்கள உடன அனுப்பச் சொன்னவ."

"நான் சட்டை போட்டுக்கொண்டு நிக்கக்குள்ளயா?"

"ஓம்."

"அப்ப அவவுக்கு உசிர் இரிந்த?"

"இரிந்த அண்ணன். உங்களக் கேட்டுக்கொண்டு கிடந்தவவாம்."

அவர் பெட்டிகளைப் பார்த்தார். சின்னப்பிள்ளை கணக்குப் போடுவதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று அன்று சட்டை போட்டுவிட்டுப் போன அந்த மூன்று பெட்டிகளையும் கண்ணால் எண்ணினார்.

"சொல்லியிருந்தா நான் போயிருப்பன் புள்ள," என்றார். "இதுகள நனைய விட்டுட்டுப் போயிருப்பன்."

"ஓம் அண்ணன்," என்றேன்.